வெள்ளைச் சேலையும் நேரேடு மரமும்

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையைவிட அதிக நேரம் ஒரு மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆட்டோவை விட்டு இறங்கியதும் வீட்டையே மறைத்துக்கொண்டு அதுதான் நின்றது.

நான் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் மகள் ஜெனி வேலூரில் நர்ஸ். அங்கே பழக்கமான பிரவீனைக் கட்டிக்கொள்வதாக ஒருநாள் போனில் சொன்னாள். பள்ளிக்கூட வாத்தியார், நம்மைப்போலச் சபைக்குப் போகிற குடும்பம், வீட்டில் தமிழ்தான், ஊர் மட்டும் ஆந்திராவில் என்றாள். சித்தூர் மாவட்டத்தில் வெதுருகுப்பம் தாண்டி ஒரு சின்ன கிராமம். ஜெனியின் அப்பா இருந்திருந்தால் அவர் போயிருப்பார். அவர் இல்லாததால் நானும் என் அண்ணனும் கிளம்பினோம். பெண் கூட வருவது எங்கள் பக்கத்து வழக்கமில்லை.

திருப்பதியில் இறங்கியபோது பங்குனி வெயில் காலையிலேயே தலையைப் பிளந்தது. சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள் எல்லாத் திசையிலும் போய்க்கொண்டிருந்தன. பஸ் பலகையில் இருந்த தெலுங்கு எழுத்துகள் தட்டில் பிழிந்து வைத்த முறுக்கு மாதிரி தெரிந்தன. ஆனால் யாரிடம் கேட்டாலும் தமிழில் பதில் வந்தது. அந்தத் தைரியத்தில் கடைசியில் யாரிடமும் கேட்காமலே ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். அது எங்களை நாராயணவனத்தில் கொண்டுபோய் இறக்கியது.

கோயில் வாசலில் பூ விற்ற அம்மாவிடம் எங்கள் கதையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கல்யாண விஷயமா வந்துக்கினு இருக்கீங்களா? இது கல்யாண வெங்கடேஸ்வரர் ஊரும்மா. பஸ்ஸு கரெக்டா தான் உட்டிருக்குது."

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் என்று சொல்ல அண்ணன் வாயெடுத்தார். நான் அவர் கையை அழுத்தினேன். நல்ல வாக்கு எந்தப் பக்கமிருந்து வந்தால் என்ன? பக்கத்துக் கடையில் இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் சாப்பிட்டோம். காரம் காதுவரை ஏறியது. "இதுல தேங்கா எங்க?" என்று அண்ணன் கடைசிவரை தேடிக்கொண்டே இருந்தார்.

ஒருவழியாகக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. பிரவீனின் அப்பா ஆசீர்வாதம் மாந்தோப்பு வைத்திருக்கிறவர். நெடிய உருவம், அதைவிட நீண்ட கைகள். வாசல் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பிரவீனின் அம்மா ரூத்தம்மா காபி கொண்டுவந்து, "வாங்க வதினா" என்றார். என் பெயரைத் தப்பாகச் சொல்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். தெலுங்கில் அது அண்ணி என்று பிறகுதான் தெரிந்தது.

பேச்சை ஆரம்பித்தோம். ஆனால் ஒரு வார்த்தையும் தெளிவாகக் காதில் விழவில்லை. எங்கேயோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, அந்த மோட்டர ஒண்ணு நிறுத்தச் சொல்லுங்களேன். பேச்சே கேக்கல்ல."

ஆசீர்வாதம் மேலே கையைக் காட்டினார். "மோட்டாரா? தேனீ தங்கச்சி. நேரேடு பூ உட்டுக்கினு இருக்குது."

அண்ணாந்து பார்த்தேன். எங்கள் ஊர் ஞாவல் மரம்தான். நாவல் என்று புத்தகத்தில் எழுதுகிறோமே, அதேதான். இவர்கள் தெலுங்கில் நேரேடு என்கிறார்கள். ஆனால் இவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. மூன்று பேர் கைகோத்தாலும் அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க முடியாது. சுற்றிலும் குன்றுகள் காய்ந்து காவிநிறத்தில் கிடக்க, இது மட்டும் கரும்பச்சையாக நின்றது. கிளைகளில் வெண்மையான பூக்கள் கொத்துக்கொத்தாக இருந்தன. தேனீக்களும் வண்டுகளும் மொய்க்க, மரமே இரைந்துகொண்டிருந்தது. உதிர்ந்த பூவிழைகள் என் மடியிலும் காபியிலும் விழுந்தன. ஊதிவிட்டுக் குடித்தேன்.

"இது எலையே உதுக்காதா?" என்று கேட்டேன்.

"உதுக்கும். ஆனா புதுசு வந்துக்கினே இருக்கும். மொட்டையா நின்னு நான் பாத்ததே இல்ல" என்றார் ஆசீர்வாதம்.

மதியம் ராகி சங்கட்டி என்கிற களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். அரிசியும் மீனும் தின்று வளர்ந்த எனக்கு அந்தக் கருப்பு உருண்டையை எப்படிப் பிய்ப்பதென்றே தெரியவில்லை. மென்றேன். ரூத்தம்மா பதறிப்போனார். "மெல்லாதீங்க வதினா, முழுங்குங்க! கொயம்புல தொட்டு அப்படியே முழுங்குங்க!" விழுங்கினேன். மூன்றாவது கவளத்தில் பிடித்துப்போயிற்று.

சாப்பிட்டு முடித்ததும் தேதி பேசினோம். ஜெனிக்கு லீவு கிடைக்கிற நேரம் பார்த்து ஜூன் கடைசி வாரம், கல்யாணம் இந்த ஊரிலேயே என்று முடிவானது. ரூத்தம்மா மட்டும் மரத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ பழம் கொட்டும்" என்றார்.

"கொட்டட்டுமே" என்றேன் நான் சந்தோஷமாக.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் ஜெனியைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தேன். பெட்டியில் அவளுடைய வெள்ளைப் பட்டுச் சேலை இருந்தது. ரவிக்கையை நானே தைத்திருந்தேன். கழுத்தைச் சுற்றி ஒவ்வொரு முத்தாகக் கோத்துத் தைத்தது. எத்தனையோ மணப்பெண்களுக்குத் தைத்த கை இது. சொந்த மகளுக்குத் தைக்கும்போது நூல் கோக்கவே கண் மறைத்தது.

இந்த முறை பாகாலாவில் ரயிலைவிட்டு இறங்கி ஆட்டோ பிடித்தோம். சித்தூர் மாவட்டம் முழுக்க மாங்காய் மணந்தது. பழக்கூழ் பண்ணும் ஆலைக்குத் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் சாலையோரம் வரிசை கட்டி நின்றன. டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே பாய் விரித்துத் தூங்கினார்கள். அவர்களைத் தாண்டிக் கிராமத்துக்குள் வந்து, ஆட்டோவிலிருந்து காலைக் கீழே வைத்தேன். வழுக்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எழுந்து பார்த்தால் உள்ளங்கை, செருப்பு, சேலைக் கரை எல்லாம் ஊதா. தரையெங்கும் நாவல் பழம் நசுங்கிக் கிடந்தது. மேலே ஒரு திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. கிளிகள் சண்டை போட்டன. மைனாக்கள் கத்தின. பழம் விழுந்துகொண்டே இருந்தது. பிரவீன் பள்ளியில் உயிரியல் பாடம் எடுப்பவர். ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்ட கையோடு மரத்தைக் காட்டினார்.

"அத்தை, அதோ பச்சையா இருக்குதே, குக்குறுவான். அந்தப் பட்டுப்போன கொம்புல ஓட்டை போட்டுக் குஞ்சு வெச்சிருக்குது. சாயங்காலம் வவ்வாலு வரும். ராத்திரி மரநாய் வரும். மலைப்பக்கம் இருக்கிற நேரேடுக்குக் கரடியே வருமாம்."

எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. நான் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் வீட்டாருக்கு ஒதுக்கியிருந்த வீட்டிலிருந்து தேவாலயத்துக்குப் போகும் பாதை இந்த மரத்தின் பெரிய கிளைக்கு நேர் கீழே இருந்தது. விருந்துப் பந்தல் போடுகிற இடமும் அதே நிழல்தான். அந்த ஊதா மழையில் என் மகள் வெள்ளைப் பட்டு கட்டி நடக்க வேண்டும்.

நாவல் கறை பற்றித் தையல்காரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. துணி நைந்தாலும் நையுமே தவிர கறை போகாது.

அன்று சாயங்காலமே ஆசீர்வாதத்திடம் கேட்டுவிட்டேன். "அண்ணாச்சி, அந்தப் பெரிய கிளைய மட்டும் எடுத்திரலாமா? பிள்ளை வெள்ளையில்லா கட்டப்போறா."

அவர் மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அதுக்கென்ன தங்கச்சி, வெட்டிடலாம். நாளைக்கே ஆள வரச்சொல்றேன்" என்றார். ரூத்தம்மா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஜெனிக்குத்தான் கோபம். அறைக்குள் வந்ததும் ஆரம்பித்தாள். "எம்மா, வந்து ஒரு நாள் முழுசா ஆகல்ல, அவங்க மரத்த வெட்டச் சொல்லியாச்சு. நான் இங்கதான இனி இருக்கணும்?"

"உனக்காகத்தான சொன்னேன்."

"எனக்குக் கறை பட்டாப் பரவாயில்ல."

"எனக்கு மனசு கேக்காது" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் விருந்துக்கு மாம்பழம் பொறுக்க ரூத்தம்மா தோப்புக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். தோப்பு ஊரைவிட்டுத் தள்ளி, சாலைக்கு அந்தப் பக்கம். காய்கள் மூக்கு நீண்டு கொத்தாகத் தொங்கின. ஒரு மூலையில் மட்டும் நிறைய மாங்காய் கடிபட்டுக் கீழே கிடந்தது.

"இது என்ன, இப்படிக் கடிச்சுப் போட்டிருக்கு?"

"வவ்வாலும் கிளியும். இந்த வருஷம் கொஞ்சம் தான் வதினா." ரூத்தம்மா குனிந்து பொறுக்கியபடியே சொன்னார். "நேரேடு பழுக்கிற மாசத்துல தானே தோத்தாபுரியும் பழுக்குது. அதுங்க எல்லாம் அங்க துன்னுக்கினு கெடக்கும். வயிறு ரொம்பினா இந்தப் பக்கம் ஜாஸ்தி வராதுங்க. என் மாமனாரு அந்த மரத்த அதுக்குன்னே உட்டு வெச்சாரு."

எனக்குப் பொறுக்குகிற கை நின்றுபோனது. "அப்போ அந்தக் கிளைய வெட்டினா?"

"அதுல தான் பழம் ஜாஸ்தி."

"நேத்தே சொல்லியிருக்கலாமே!"

ரூத்தம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். குற்றம் சொல்கிற சிரிப்பில்லை. "பொண்ணு வூட்டுக்காரங்க மொத மொதல்ல ஒண்ணு கேக்குறீங்க. எப்டி இல்லன்றது? அவரும் ராத்திரி பூரா தூங்கல. ஆனா வெட்டணும்னு தான் சொன்னாரு."

கூடையை அங்கேயே போட்டேன். ரூத்தம்மா வீட்டுக்குப் போன் அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து ஏறினோம். அது டிராக்டர் வரிசைக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. முன்னாலும் மாங்காய், பின்னாலும் மாங்காய். "எப்போ நகரும்?" என்று கேட்டேன். டிரைவர், "ஃபேக்டரி கேட்டு தொறந்தா நகரும்மா" என்று சொல்லி இன்ஜினை அணைத்துவிட்டார்.

இறங்கினோம். இரண்டு சம்பந்தியம்மாக்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரும்பு வயல் வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போனோம். நான் முன்னால், அவர் பின்னால். ஊருக்குள் நுழையும்போது காது கொடுத்துக் கேட்டேன். ரம்பச் சத்தம் இல்லை. வெட்டி முடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். 

மரத்தடிக்கு வந்து பார்த்தால் ஒரு சின்னக் கிளை மட்டும் தரையில் கிடந்தது. பெரிய கிளை அப்படியே இருந்தது. அதன் மேல் மரம் வெட்டுகிற முனிரத்னம் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். ரம்பம் பக்கத்துக் கொம்பில் மாட்டியிருந்தது. வாய், தாடி, சட்டை எல்லாம் ஊதா.

"அய்யா, வெட்டாதீங்க!" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்து நாக்கை நீட்டாத குறையாகச் சிரித்தார். "பெரிய கெளையில இன்னும் ஆரம்பிக்கலம்மா. கொஞ்சம் துன்னுட்டு வெட்டலாம்னு உக்காந்தேன். பழம் சூப்பரா இருக்குது. எய்ந்திருக்க மனசே வரல."

ரூத்தம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பந்தல் நாற்காலி எடுக்கப் போயிருந்த ஆசீர்வாதம் அப்போதுதான் திரும்பி வந்தார். "கிளை இருக்கட்டும் அண்ணாச்சி. என்னை மன்னிச்சிருங்க" என்றேன். அவர் கையிலிருந்த நாற்காலியை இறக்கி வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தபடி அடிமரத்தில் கொஞ்சநேரம் சாய்ந்து நின்றார்.

சரி, கிளை தப்பித்தது. வெள்ளைச் சேலை? ஜெனி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "எம்மா, குடை பிடிச்சிட்டுப் போறேன்" என்றாள். குடை என்றதும்தான் எனக்குப் புத்தி வந்தது. மரத்துக்கும் பாதைக்கும் நடுவில் ஒரு துணி போதும். பெரிய துணி.

"வதினா, உங்க சபையில பழைய சேலை கெடைக்குமா?"

அரைமணி நேரத்தில் சபைப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். நைலக்ஸ், வாயில், பாலியஸ்டர், யாரோ ஒருத்தருடைய கல்யாணத்துக்கு எடுத்த ஜரிகைச் சேலைகூட இருந்தது. "இத கட்டிக்கினு ஒரு தடவ தான் உக்காந்தேன், கிழிஞ்சிடுச்சி" என்றார் அதைக் கொடுத்த அம்மா. இரண்டு தையல் மிஷின்களை வாசலில் போட்டோம். ஒன்றில் நான், இன்னொன்றில் பக்கத்துவீட்டு மேரியம்மா. மற்றவர்கள் ஓரம் சேர்த்துப் பிடித்தார்கள். தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் புகுந்து வந்தன. பாதி எனக்குப் புரியவில்லை. நான் பேசிய நாகர்கோவில் தமிழ் அவர்களுக்கு அதில் பாதியும் புரியவில்லை. "இவங்க பேசுறது மலையாளமா?" என்று ஒரு குரல் பின்னாலிருந்து கேட்டது. "தமிழ் தான்டி, வேகமான தமிழ்" என்று ரூத்தம்மா எனக்காக வாதாடினார். பொழுது சாய்வதற்குள் ஒரு கால்பந்து மைதானத்தை மூடலாம்போல ஒரு துணி தயாராகிவிட்டது. முனிரத்னம் மரத்திலேதானே இருந்தார்? கயிறு கட்டுகிற வேலையை அவரே பார்த்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று ஜெனி என் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பலவண்ணக் கூரைக்குக் கீழே நடந்து போனாள். மேலே பழங்கள் துணியில் விழுந்து பொத்துப் பொத்தென்று மேளம் அடித்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் திடுக்கிட்டேன். அவள் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. தேவாலய வாசலில் ஏறியபோது சேலை வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. அப்போதுதான் மூச்சு விட்டேன்.

விருந்தில் பிரியாணி, கத்தரிக்காய்க் கூட்டு, வெல்லப் பாயசம். இரண்டாவது பந்தி நடக்கும்போது துணியின் ஒரு மூலை பழத்தின் கனத்தில் தொப்பைபோலத் தொங்க ஆரம்பித்தது. நான் கவனித்து வாயைத் திறப்பதற்குள் முடிச்சு அவிழ்ந்தது. ஒரு கூடை பழமும் அதன் சாறும் மொத்தமாக ஆசீர்வாதத்தின் தலையில் இறங்கியது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நரைத்த தலை எதுவும் தப்பவில்லை. 

பிரவீன் எழுந்து ஓடினார். "நைனா!"

ஆசீர்வாதம் கண்ணைத் துடைத்துவிட்டுப் போதகரைப் பார்த்தார். "அய்யரே, எனக்கு ரெண்டாவது ஞானஸ்நானம் ஆயிடுச்சி. ரிஜிஸ்டர்ல எய்திக்குங்க" என்றார். போதகர்தான் முதலில் சிரித்தார். பிறகு யாராலும் சாப்பிட முடியவில்லை. அந்தி சாய்ந்ததும் வௌவால்கள் சரம் சரமாக வந்து மரத்தில் இறங்கின. திருப்பதியிலிருந்து வந்த விருந்தாளிகள் ஐஸ்கிரீமைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள். ஐஸ்கிரீம் உருகி வழிந்தது.

மூன்றாவது பயணம் நவம்பரில். ஜெனியைப் பார்த்து நாளாகிவிட்டது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. மழையோடு மழையாகப் போய்ச் சேர்ந்தேன். வந்த மறுநாள் ஊருக்குக் குறுக்கே ஓடும் வாங்கல் என்ற ஓடை பெருகிப் பாதையை மூடிவிட்டது. பஸ் நின்றுபோனது. கடையில் தைக்க ஒரு தீபாவளிச் சட்டைகூட பாக்கியில்லை என்பதால் எனக்கும் அவசரமில்லை. "தண்ணி வடியிற வரைக்கும் உங்கள உட மாட்டேன் வதினா" என்றார் ரூத்தம்மா, வெள்ளத்தைத் தானே வரவழைத்ததுபோல.

மரத்தில் இப்போது பூவும் இல்லை, பழமும் இல்லை. இலை மட்டும் தடித்துப் பளபளத்தது. காற்றடித்த சாயங்காலங்களில் சுற்றுவட்டாரத்து மைனாக்களும் காக்கைகளும் அதற்குள் வந்து அடைந்தன. வெளியே எவ்வளவு ஊற்றினாலும் அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு முணுமுணுப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

மழை விட்ட ஒரு காலையில் பிரவீன் கதவோரம் நின்று, விரலை உதட்டில் வைத்து எங்களைக் கூப்பிட்டார். நானும் ஜெனியும் ரூத்தம்மாவும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டோம். மரத்தடியில், ஊறிக்கிடந்த சருகின் மேல் ஒரு சின்னப் பறவை நின்றது. வாலே இல்லாததுபோல ஒரு குட்டை உருவம். முதுகு பச்சை, தோளில் நீலம், வயிற்றடியில் குங்குமச் சிவப்பு. கண்ணுக்குக் கரிக்கோடு போட்டிருந்தது. துணிக்கடையில் இத்தனை நிறத்தை ஒன்றாகக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒருமாதிரி பார்ப்பார்.

"ஆறுமணிக் குருவி" என்று பிரவீன் கிசுகிசுத்தார். "இமயமலை அடிவாரத்துல இருந்து வருது அத்தை. ராத்திரில தான் பறக்கும். மழையில களைச்சுப்போய் எறங்கியிருக்குது. இந்த மாதிரி எப்பவும் எலை இருக்கிற மரத்தடின்னா அதுக்குப் பயமில்ல. புழுவும் கெடைக்கும்."

"எங்க போகுது?"

"தெற்க. கேரளா, கன்னியாகுமரி, அந்தப் பக்கம்."

அது சருகை ஒவ்வொன்றாகப் புரட்டியது. ஒரு புழுவை இழுத்தது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது பயந்துவிடக் கூடாதென்று ரூத்தம்மா கோழிகளைப் பிடித்துக் கூடைக்குள் அடைத்தார். ஆசீர்வாதம் கொல்லை வழியாகவே போய்வந்தார். வாங்கல் வடியாத நாட்களெல்லாம் அதுவும் இருந்தது, நானும் இருந்தேன். காலையிலும் மாலையிலும் ஆறுமணி வாக்கில் இரண்டு சுருதியில் ஒரு விசில் கொடுக்கும். நாங்கள் போட்டதைப் போட்டபடி ஜன்னலுக்கு ஓடுவோம்.

ஒருநாள் காலையில் விசில் கேட்கவில்லை. மரத்தடியில் கிளறிய சருகு மட்டும் கிடந்தது. வானம் வெளுத்திருந்தது. கொஞ்சநேரத்தில் சாலையில் பஸ் ஹாரன் கேட்டது. நான் பையைத் தூக்கினேன். ஜெனி பஸ்வரை வந்தாள். ரூத்தம்மா மாங்காய் வற்றலும் வெல்லமும் கட்டிக்கொடுத்து, மரத்தடியில் நின்று கையசைத்தார்.

"சீக்கிரம் போங்க வதினா. உங்க ஊருக்கு உங்களுக்கு மின்னாடி அந்தக் குருவி போய் சேந்துக்கினு இருக்கப் போவுது!"